சுத்தியல் விழும் வரை

லண்டன், ஹைட் பார்க் கார்னர்

லேன்ஸ்பரோ ஹோட்டலின் வாசலில் உயரத் தொப்பி வைத்த ஊழியர் ஒருவர் கார்க் கதவுகளைத் திறந்துவிட்டபடி நின்றார். அந்தக் கட்டடம் முன்பு செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையாக இருந்தது. அதன் பின்புறத்தில்தான் 1766இல் ரிச்சர்ட் டாட்டர்சால் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் குதிரை ஏலம் விடத் தொடங்கினார். கிங்ஸ்டன் பிரபுவின் லாயத்தில் வேலை பார்த்தவர் அவர். இன்று அந்த இடத்தில் ஒரு பிடி வைக்கோல்கூட இல்லை. சிவப்புப் பேருந்துகள் வளைந்து திரும்புகின்றன, சுற்றுலாக்காரர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஏலம் மட்டும் அதே பெயரில் இருநூற்று ஐம்பது ஆண்டுகளைத் தாண்டியும் நடக்கிறது. 1865இல் நைட்ஸ்பிரிட்ஜுக்குப் போனது; பிற்பாடு நியூமார்க்கெட்டில் நிலைத்துவிட்டது.

அந்தக் காலத்தில் குதிரை வியாபாரி என்றால் ஊரே பணப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கிழட்டுக் குதிரையின் பல்லைக் குடைந்து வயதைக் குறைத்துக் காட்டும் வித்தையெல்லாம் அன்று சாதாரணம். டாட்டர்சாலிடம் விற்றவருக்குப் பணம் ஒழுங்காக வந்து சேர்ந்தது, வாங்கியவருக்குச் சொன்ன குதிரை கிடைத்தது. பிரபுக்களும் பந்தயக்காரர்களும் அவர் முற்றத்தைத் தேடி வந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. தோற்றே அறியாத ஹைஃப்ளையர் என்ற குதிரையை 1779இல் 2,500 பவுனுக்கு வாங்கி, பொலிக்கு விட்டு, அந்த வருமானத்தில் கேம்பிரிட்ஜ் பக்கம் மாளிகை கட்டி, அதற்கும் அந்தக் குதிரையின் பெயரையே வைத்தார்.

கட்டம் போட்ட சட்டைத் துணியில் ஒரு வகைக்கு ஆங்கிலேயர்கள் இன்றும் டாட்டர்சால் என்றுதான் பெயர் சொல்கிறார்கள். அவருடைய ஏலத்தில் குதிரைகளுக்குப் போர்த்திய கம்பளியில் இருந்த கட்டம் அது.

நியூமார்க்கெட், வாரன் ஹில்

லண்டனுக்கு வடக்கே நூறு கிலோமீட்டர் போனால் நிலம் தட்டையாகி, வானம் பெரிதாகிவிடுகிறது. நியூமார்க்கெட் சின்ன ஊர். ஒரே ஒரு பெரிய தெரு, அதன் இருபுறமும் கடைகள். ஆனால் இந்த ஊரில் பந்தயத்துக்குப் பழக்கப்படும் குதிரைகள் மூவாயிரத்துக்குக் குறையாது. சாலையைக் கடக்கக் குதிரைகளுக்கென்று தனி இடங்கள் உண்டு. சிக்னல் பொத்தான், குதிரைமேல் உட்கார்ந்திருப்பவரின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது. முப்பது குதிரைகள் வரிசையாகக் கடக்கும்வரை கார்கள் ஒலி எழுப்பாமல் நிற்கின்றன. ஆம்புலன்சுக்கே வழி கிடைக்காத நம் சாலைகளை நினைத்துக்கொண்டு, அந்த வரிசை முடியும்வரை நானும் நின்றேன்.

விடிந்தும் விடியாத நேரத்தில் வாரன் ஹில் சரிவில் பனி மூட்டம். முதலில் குளம்புச் சத்தம் கேட்கும், அப்புறம் மூச்சு கேட்கும், அதற்கப்புறம்தான் குதிரை கண்ணுக்குத் தெரியும். புல்லுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை. எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் இறங்கிவிடும், தரை சேறாகாது. ஏர் படாத இந்தப் புல்வெளிக்காகத்தான் மன்னர்கள் இங்கே வந்தார்கள். இரண்டாம் சார்லஸ் தானே குதிரையேறிப் பந்தயத்தில் ஜெயித்த ஊர் இது.

சரிவின் அடியில் குதிரையை நடத்திக் குளிரவைத்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர் என்னைப் பார்த்ததும், “அண்ணே, தமிழா?” என்றார். வேளச்சேரிக்காரர். அப்பா கிண்டி ரேஸ் கோர்ஸில் குதிரைக்காரராக இருந்தவராம். இந்த ஊர் லாயங்களில் நம் நாட்டுப் பையன்கள் நிறையப் பேர் சவாரி வேலைக்கு வந்திருக்கிறார்கள். ராஜஸ்தான், ஹைதராபாத் பக்கத்திலிருந்துதான் அதிகம். காலை வேலை முடிந்ததும் ஒரு கடையில் உட்கார்ந்தோம். நியூமார்க்கெட் சாசேஜ் இந்த ஊரின் பெருமை. வேறு ஊரில் செய்து இந்தப் பெயரில் விற்கச் சட்டம் இடம் கொடுக்காது. பன்றிக் கறியில் மிளகு தூக்கலாக இருந்தது. தம்பி அதைத் தொடவில்லை. மூன்று ரொட்டித் துண்டும் முட்டையும் சாப்பிட்டு, சர்க்கரை போட்ட டீயை இரண்டு கோப்பை குடித்தார். ஞாயிறன்று வீட்டில் இவர் சாம்பார், கூட இருக்கும் ஹைதராபாத் பையன் பிரியாணி. கறிவேப்பிலைக்குக் கேம்பிரிட்ஜ் போய்வர வேண்டுமாம்.

“ஏலத்துல வாங்குன குட்டிய மொத மொத முதுகுல ஏத்துறது எங்க வேலைதாண்ணே. லட்சக்கணக்குல வாங்குனதும் வரும், சல்லிசா வாங்குனதும் வரும். பக்கத்துப் பக்கத்துலதான் கட்டியிருப்போம். ஏறி ஒரு வாரத்துல நமக்கு ஒண்ணு தோணும். தோணுனதுல பாதி தப்பாப் போவும்.”

“அப்புறம் எதை வைத்து அங்கே விலை சொல்கிறார்கள் தம்பி?”

“நடையப் பாத்து, அம்மா அப்பா யாருன்னு பாத்து. மத்ததெல்லாம் ஏலம் விடுறவர் வாயில இருக்கு. போய்ப் பாருங்க, அந்தாளு கண்ண மட்டும் பாருங்க.”

பார்க் பேடக்ஸ், லாயங்கள்

டாட்டர்சால்ஸ் வளாகத்துக்குப் பார்க் பேடக்ஸ் என்று பெயர். நுழைந்ததும் தூண்கள் தாங்கும் சிறிய மண்டபம், அதற்குள் ஒரு நரிச் சிலை, மண்டபத்தின் உச்சியில் பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரானவரின் மார்பளவுச் சிலை. ஹைட் பார்க் கார்னர் முற்றத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தது. குதிரை வாங்கும் இடத்தில் நரியைக் கண்டால் தமிழனுக்குத் திருப்பெருந்துறையும் மாணிக்கவாசகரும் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணம் கோயிலாகி, நரிகள் பரிகளாகி மதுரைக்குள் வந்த கதையைப் பக்கத்தில் நின்ற அயர்லாந்துக்காரர் ஒருவரிடம் சொன்னேன். ராத்திரியில் அவை மறுபடி நரியாகி ஊளையிட்டன என்றதும், “அந்த விற்பனையில் யார் ஏலம் விட்டது?” என்று உடனே கேட்டார். குதிரை சொன்னபடி இல்லாவிட்டால் யாரைப் பிடிப்பது என்பதுதான் இவர்களுக்கு முதல் கேள்வி.

அக்டோபர் ஏலம் நான்கு புத்தகங்களாக நடக்கிறது. முதல் புத்தகத்தில் உயர்ந்த குலத்துக் குட்டிகள். உலகத்தின் பெரும் பணக்காரர்கள் வருவார்கள். நான் அதன் பின்னால் வரும் நாட்களையே தேர்ந்தெடுத்தேன். பெரும் பணம் போட்டி போடும்போது ஏலக்காரர் அதற்கு வழிவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். பணம் தயங்கும் இடத்தில்தான் அவர் தொழில் தெரியும்.

விற்பனைக்கு வருபவை ஒரு வயதுக் குட்டிகள். பந்தயம் என்றால் என்னவென்றே அவற்றுக்குத் தெரியாது. லாயத்தின் முன் ஒருவர் கடிவாளத்தைப் பிடித்து நேராக நடத்திப் போய்த் திரும்பக் கொண்டுவருகிறார். வாங்க வந்தவர் முன்னால் நின்று, பக்கவாட்டில் நின்று, பின்னால் நின்று பார்க்கிறார். குனிந்து முழங்காலிலிருந்து குளம்பு வரை கையால் தடவுகிறார். புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் இரண்டு எழுத்துக் குறித்துக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் அடுத்த லாயத்துக்கு நடக்கிறார்.

அந்தியூர் பக்கத்தில் பிறந்தவன் நான். ஆடியில் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்கு மார்வாரி, கத்தியவார் குதிரைகள் வரும். என் பெரியப்பா அங்கே தரகு பார்த்தவர். அவர் முதலில் பார்ப்பது சுழி. நெற்றியில் எங்கே சுழி, கழுத்தில் எங்கே, எது ராசி, எது வீட்டுக்கு ஆகாது என்று விரல் வைத்துச் சொல்வார். இங்கே ஒரு லாயக்காரர் காட்டிய குதிரைப் பாஸ்போர்ட்டைப் புரட்டியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. குதிரையின் கோட்டுப் படத்தில் ஒவ்வொரு சுழியும் சின்னக் குறியாக இடம் சுட்டிக் குறிக்கப்பட்டிருந்தது. ராசி பார்ப்பதற்கு இல்லை, ஆளடையாளத்துக்கு. இரண்டு ஊர்க்காரர்களும் விரலை வைக்கும் இடம் ஒன்றுதான்.

கடைசி வரிசை லாயத்தில் ஓர் அம்மாள் தன் குட்டியின் முதுகைத் தானே துடைத்துக்கொண்டிருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நார்ஃபோக் பக்கம் சின்னப் பண்ணை. இருப்பது இரண்டே பெட்டைக் குதிரைகள். செம்பட்டை நிற ஆண் குட்டி, நெற்றியில் வெள்ளைப் பொட்டு, முன்னங்கால் இரண்டும் லேசாக உள்பக்கம் திரும்பியிருந்தன. அன்று அதைப் பார்க்க அதிகம் பேர் வரவில்லை. பழுப்புத் தொப்பிக்காரர் ஒருவர் மட்டும் காலையில் ஒருமுறையும் மதியத்துக்கு முன் ஒருமுறையும் வந்து பார்த்ததாகச் சொன்னார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

ஏல அரங்கு

வட்டமான அரங்கு, சுற்றிலும் படிப்படியாக இருக்கைகள், நடுவே குதிரை சுற்றி நடக்கும் பாதை. ஒருபுறம் உயரமான மேடையில் ஏலக்காரர். அவர் தலைக்கு மேலே பலகையில் விலை பல நாட்டுப் பணத்தில் மாறி மாறி ஓடுகிறது. ஆனால் அவர் வாயில் வருவது கினி மட்டும். கினி நாணயம் அச்சடிப்பதை இங்கிலாந்து நிறுத்தி இரண்டு நூற்றாண்டு ஆகிவிட்டது. 21 ஷில்லிங், இன்றைய கணக்கில் 1 பவுன் 5 பென்ஸ். விற்பவருக்கு ஒரு பவுன், ஏலக்காரருக்கு ஒரு ஷில்லிங் என்ற பழைய வழக்கம் அந்தத் தொகைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

பரோடா மகாராஜா 1945இல் சயாஜிராவ் என்று பின்னர் பெயரிட்ட ஒரு வயதுக் குட்டியை 28,000 கினிக்கு ஏலத்தில் எடுத்தார். அன்று ஒரு வயதுக் குட்டிக்கு அப்படி ஒரு விலையை யாரும் கேட்டதில்லை. அது 1947இல் செயின்ட் லெஜர் பந்தயத்தை ஜெயித்தது. இதே அரங்கில் 2017 டிசம்பரில் மார்ஷா என்ற பெட்டை 60 லட்சம் கினிக்குப் போனது. அன்று கூட்டம் படிக்கட்டு வரை நெரித்ததை இங்கே பலரும் நேற்று நடந்ததாகப் பேசுகிறார்கள்.

அமெரிக்காவில், கென்டக்கியின் கீன்லாண்டில், இந்த வேலையை இரண்டு மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒருவர் குதிரையின் குலத்தைச் சொல்ல, இன்னொருவர் விலையை மூச்சு விடாமல் பாட்டாகவே இழுப்பார். கூட்டத்தில் நிற்கும் ஆட்கள் கேட்பவரைக் கண்டதும் கத்துவார்கள். நியூமார்க்கெட்டில் எல்லாவற்றுக்கும் மேடையில் இருப்பவர்தான் பொறுப்பு. குரல் உயர்வதில்லை. வந்திருப்பது யார் வயிற்றுக் குட்டி, அண்ணன் எந்தப் பந்தயம் ஜெயித்தான் என்று நாலு வரி சொல்லி, பெரிய விலை ஒன்றைக் கேட்டுப் பார்த்து, பதில் வராதபோது மளமளவென்று இறங்கி, யாராவது தலையசைக்கும் இடத்தில் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து ஏறுகிறார். ஒரு குதிரைக்கு இரண்டு மூன்று நிமிடம் கிடைத்தால் அதிகம்.

அந்தத் தலையசைப்பைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். தாங்கள் கேட்பது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியக் கூடாது என்பதில் வாங்குபவர்கள் கெட்டிக்காரர்கள். ஒருவர் பென்சிலை நிமிர்த்துவார். ஒருவர் கண்ணாடியைக் கழற்றும்வரை கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று பொருள். தூணுக்குப் பின்னால் நின்று புருவத்தை மட்டும் உயர்த்துபவரும் உண்டு. எங்கள் சந்தையில் தரகர் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார். பிடித்த விரல் எத்தனை, எந்த விரலை மடக்கினார் என்பது அந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். குதிரைக்குச் சொந்தக்காரனுக்குக்கூட முழு விலை தெரியாமல் போவதுண்டு. பெரியப்பா அதை ஒரு கலையாகத்தான் செய்தார், நானும் வியந்து பார்த்திருக்கிறேன். ஆனால் இங்கே உட்கார்ந்திருந்தபோது என் மனம் மாறிவிட்டது. கேட்பவர் ஒளிந்துகொள்ளலாம், விலை ஒளிந்துகொள்ள முடியாது. விற்பவர் அரங்கின் மூலையில் நின்று கடைசி எண் வரை தன் காதால் கேட்கிறார்.

செம்பட்டைக் குட்டி வந்தது. விளக்கு வெளிச்சத்தில் மிரண்டு ஒரு பக்கமாக ஒதுங்கியது. ஏலக்காரர் இருபதாயிரத்தில் ஆரம்பித்தார். யாரும் அசையவில்லை. பத்து. ஐந்து. “இரண்டாயிரத்தில் என்னைத் தொடங்க விடுங்கள்” என்றார். இடப்பக்கம் ஒருவர் புத்தகத்தைத் தூக்கினார். மூன்று, நாலு, ஐந்து. ஆறில் ஒருவர் தலையை ஆட்டி விலகிக்கொண்டார். ஏழாயிரத்தில் நின்றுவிட்டது.

சுத்தியல் கையில் இருந்தது. அவர் அதைத் தூக்கவில்லை. பார்வை நுழைவாயில் பக்கம் போனது. அங்கே கூட்டத்துக்குப் பின்னால் பழுப்புத் தொப்பிக்காரர், பாதி திரும்பியபடி நின்றிருந்தார். இதுவரை அவர் கேட்கவே இல்லை. ஏலக்காரர் அவர் பெயரைச் சொல்லவில்லை, கை காட்டவும் இல்லை. குட்டியை நடத்துபவரிடம் மெல்ல, “இன்னொரு சுற்று நடக்கட்டும்” என்றார். அதற்குள் குட்டி பயம் தெளிந்து தலையைத் தாழ்த்தி, தோளிலிருந்து காலை நீட்டி வைத்து நடந்தது. “நீங்கள் காலையில் பார்த்த அதே நடைதான்” என்றார், அரங்கத்துக்கே பொதுவாகச் சொல்வதுபோல. நுழைவாயிலில் ஒரு முகவாய் அசைந்தது. ஏழாயிரத்து ஐநூறு. இடப்பக்கத்துக்காரர் விடவில்லை. எட்டு. ஒன்பது. பத்து. ஒவ்வொருவருக்கும் ஒரு மூச்சு யோசிக்க இடம் கொடுத்தார், இரண்டாவது மூச்சுக்கு விடவில்லை. பதினோராயிரத்தில் இடப்பக்கத்துக்காரர் புத்தகத்தை மூடினார்.

நம்மூர் வழக்கப்படி ஒரு தரம், இரண்டு தரம் என்று எண்ணவில்லை. மூன்று பக்கமும் ஒருமுறை நிதானமாகப் பார்த்தார். யாருக்காவது மனம் மாறுமா என்று தேடும் பார்வை அது. அப்புறம் சுத்தியல் விழுந்தது. அடுத்த குட்டி ஏற்கெனவே வாசலில்.

பார்க் பேடக்ஸ், மாலை

சில பத்துக் குதிரைகளுக்கு ஒருமுறை மேடையில் ஆள் மாறுகிறார்கள். இறங்கி வந்தவரை உணவகத்தில் பார்த்தேன். முதலில் ஒரு குவளைத் தண்ணீர் குடித்தார், அப்புறம் பால் விடாத டீ. பேசுவதைவிடக் கேட்பதில் விருப்பமுள்ளவராகத் தெரிந்தார். பழுப்புத் தொப்பிக்காரரை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றேன்.

“குட்டி உள்ளே வருமுன் வெளியே நடக்கும் இடத்தில் அவர் வேலியோரம் நின்றதை எங்கள் ஆட்கள் பார்த்தார்கள். எனக்குத் தகவல் வந்தது. இப்படிக் கால் உள்ள குதிரைகளை வாங்கி அவர் ஜெயித்திருக்கிறார். மற்றவர்கள் விட்டுவிடுவார்கள் என்று காத்திருந்தார். அவ்வளவுதான்.”

ஏலத்தின் விதிகளையும் சொன்னார். ரிசர்வ், அதாவது இதற்குக் குறைந்தால் விற்பதில்லை என்று விற்பவர் வைக்கும் விலை, எட்டும்வரை அவர் சார்பில் ஏலக்காரரே விலையை ஏற்றலாம். அப்படிச் செய்யலாம் என்று நிபந்தனையில் முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். அந்த விலையைத் தாண்டியபின் வரும் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் நிஜ மனிதர் இருந்தாக வேண்டும். குதிரைக்கு மரத்தைக் கடித்துக் காற்றை விழுங்கும் பழக்கமோ, நின்ற இடத்திலேயே தலையை இருபுறமும் ஆட்டும் பழக்கமோ இருந்தால் மறைக்காமல் அறிவிக்க வேண்டும். சுத்தியல் விழும் வரை கேட்டவர் தன் கேள்வியைத் திரும்பப் பெறலாம், விழுந்தபின் முடியாது. நம் 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஆம் பிரிவும் இதையேதான் சொல்கிறது. கோயில் தேங்காய் ஏலத்துக்கும் நியூமார்க்கெட் குதிரைக்கும் ஒரே விதி.

சுத்தியல் விழுந்த நொடியிலிருந்து குதிரை வாங்கியவர் பொறுப்பு. வாசலைத் தாண்டும்போது கால் ஒடிந்தாலும் பணம் கட்டியாக வேண்டும். இதைக் கேட்டதும் பாண்டியர்களின் குதிரை வியாபாரத்தைச் சொன்னேன். வருடத்துக்கு 1,400 குதிரைகள் கடல் வழியாக வர ஒப்பந்தம் இருந்ததாகவும், தலைக்கு 220 தினார் பொன் என்றும், வழியில் செத்த குதிரைக்கும் அரசுக் கருவூலமே விலை கொடுத்தது என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதியிருக்கிறார். கண்ணாலேயே காணாத குதிரைக்கு விலை. ஏலக்காரர் டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “அந்த வியாபாரிகளுக்காக யார் பேசினார்களோ, பெரிய ஆள்” என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பொன் அத்தனையும் வேளாளன் வரியாகக் கட்டியது. பாண்டியன் தரப்பில் இப்படி ஒரு நேர்மையான சுத்தியல் இருந்திருந்தால் தாமிரபரணிக் கரையில் எத்தனை குளம் வெட்டியிருக்கலாம் என்று சொன்னேன். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார்.

விலைக்கும் ஓட்டத்துக்கும் உறவு உண்டா என்றும் கேட்டேன். 1983இல் கீன்லாண்டில் 102 லட்சம் டாலருக்குப் போன ஸ்னாஃபி டான்ஸர் ஒரு பந்தயத்தில்கூட ஓடவில்லை. 400 கினிக்கு வாங்கிய குட்டியாகத் தொடங்கிய ரெட் ரம் 1973, 1974, 1977 என்று மூன்று முறை கிராண்ட் நேஷனல் ஜெயித்தது. இதையெல்லாம் அவர் மனப்பாடமாகச் சொன்னார். “நான் வேகத்தை விற்கவில்லை. எனக்கு அது தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. இன்று மதியம் இந்தக் குதிரையை வேண்டும் என்கிறவர்களில் யாரும் கேட்காமல் வீட்டுக்குப் போய்விடக் கூடாது. அதுவரை பொறுப்பு என்னுடையது.” சொல்லிவிட்டு மேடைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்.

நார்ஃபோக் அம்மாள் காலி லாயத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். பதினோராயிரம் வந்தது எப்படி இருக்கிறது என்றேன். துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுச் சொன்னார்: ஜூலையில் பண்ணைக்கு வந்த ஏலக்காரர் குட்டியை நடக்கவிட்டுப் பார்த்து, “கால் உள்ளே திரும்புகிறது, பத்து என்று ரிசர்வ் வைத்தால் திரும்ப வீட்டுக்குத்தான் ஓட்டிப் போவீர்கள்” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாராம். அன்று ராத்திரி இவருக்குத் தூக்கம் வரவில்லை, கோபமும் வந்தது. கடைசியில் ஆறாயிரம் என்று எழுதிக் கொடுத்தார். பொலிக் கட்டணமும் தீவன பாக்கியும் போக ஒரு தொகை மிஞ்சுகிறது; லாயத்துக் கூரையை மாற்றப் போகிறார். இந்த வசந்தத்தில் அதே தாய்க்கு ஒரு பெண் குட்டி பிறந்திருக்கிறது, கால் நேராக இருக்கிறது. அடுத்த ஜூலையில் அவர் வந்து பார்ப்பார், இந்த முறை பத்துக்கு மேலேயே கேட்பேன், என்ன சொல்கிறார் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாய் பக்கம் நடந்தார்.